வெட்டுக்காசுக்காரி

என் வீட்டுக்காரருக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். பினாங்கில், சூலியா தெருவில் ஒரு காசு மாற்றும் கடையில் முதலாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற காசையெல்லாம் நல்லது கெட்டது என்று பிரிப்பார். கப்பலிலிருந்து இறங்கியவர் கொடுத்தாலும் சரி, கறிகாய் விற்கிறவர் கொடுத்தாலும் சரி, காசு முதலில் இவருடைய கட்டைவிரல் நகத்தில் ஏறித்தான் பெட்டிக்குள் போகவேண்டும். ஒரு சுண்டு சுண்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். அவ்வளவுதான். கள்ளக்காசு என்றால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஈயத்தின் சத்தம் செத்த சத்தம் என்பார்.

வேலை கடையோடு நின்றிருந்தால் எனக்கு என்ன வந்தது? டத்தோ கிராமாட்டில் டிராம் வண்டியை விட்டு இறங்கி, வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவார். ரசத்தில் உப்பு ஒரு கல் கூட. வேட்டியில் நீலம் திட்டுத் திட்டாய் நிற்கிறது. கதவு விளிம்பில் விரலை ஓட்டி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, என் இடது புருவம் வலது புருவத்தைவிட மெல்லிசு என்று கண்டுபிடித்துத் தன் அம்மாவிடம் சொன்னாராம். கல்யாணத்துக்குப் பிறகு அதை என்னிடமே பெருமையாகச் சொன்னார். நல்ல கதை! நான் சுங்கை பாக்காப்பில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். புருவத்தை அளந்து பார்க்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

ஆனால் இல்லாததைச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். காசு விஷயத்தில் மனிதர் நியாயஸ்தர். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் மனசு நன்றாக இருந்தால், அன்றைக்குக் கடையில் பார்த்த காசுகளைப் பற்றிச் சொல்லுவார். கள்ளக்காசு ஒரு வகை. கைபட்ட காசு இன்னொரு வகை. அது நல்ல காசாகப் பிறந்தது, பிறகு எவனோ ஓரத்தை அரத்தால் ராவி வெள்ளித்தூளை எடுத்துக்கொண்டான், இல்லாவிட்டால் சங்கிலியில் கோக்கத் துளை போட்டுப் பிறகு அடைத்தான். இந்த இரண்டையும் அவர் தொடமாட்டார். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது காசு அடிக்கிற இடத்திலேயே கோணிப்போனது. ராஜாவின் தலை நடுவில் விழாமல் ஓரமாய்த் தள்ளி விழுந்திருக்கும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று நிழலாடி இரட்டையாகத் தெரியும். ராஜாவின் கன்னத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டை நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். பள்ளமாக இருந்தால் பின்னால் விழுந்த கீறல். மேடாக இருந்தால் அச்சு விரிசல் விட்டிருக்கிறது.

"அந்த மாதிரி காசை சனங்க வாங்க மாட்டாங்க. கள்ளக்காசுன்னு தூக்கி வீசுவாங்க. நான் வாங்குவேன்" என்பார். "நல்ல வெள்ளி. அச்சுல வந்த குறை. காசு மேல குத்தமில்ல."

இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் அழகாகவே இருக்கும். காசு மேல குத்தமில்ல. இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் முகத்தில் மட்டும் அவர் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பேச்சு வருவதற்கு முன்பே அப்பனைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். சட்டைப் பித்தான் எது கிடைத்தாலும் கட்டைவிரலில் வைத்துச் சுண்டுவாள். அது எங்கேயோ போய் விழும். இவள் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். அத்தை, அதாவது என் மாமியார், "எங்க வீட்டு முதலாளியம்மா" என்று அவளைத் தூக்கிக் கொஞ்சுவார். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அவர், நான், குழந்தை, அத்தை, அப்புறம் துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்த என் கொழுந்தன்.

குழந்தைக்குத் தொண்டையில் நோய் கண்டது. முதல் நாள் சும்மா காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மறுநாள் காலையில் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு ரிக்ஷா வாசலில் வந்து நின்றது. அத்தை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டே, "போறதுக்கு முந்தி தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு காசு முடிஞ்சு வை. புள்ள பொழச்சி வந்தா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்போம்னு வேண்டிக்கோ" என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து, வேண்டிக்கொண்டு சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டால், பிறகு அது சாமியின் காசு. காரியம் நடந்ததும் கொண்டுபோய்க் கோயிலில் சேர்க்கவேண்டும். அதுவரைக்கும் அதை யாரும் அவிழ்க்கக்கூடாது.

நான் மஞ்சளைக் குழைத்துத் துணியை நனைத்துவிட்டு, "ஏங்க, ஒரு காசு குடுங்க" என்று கையை நீட்டினேன். அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு அரை வெள்ளிக் காசை, அதாவது அரை டாலரை, எடுத்துக் கொடுத்தார். பெரிய காசுதான். வாங்கினதும் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. ராஜாவின் கிரீடத்துக்குப் பின்னால், ஓரத்தில், நகத்தை வெட்டிப் போட்டால் விழுமே அந்த மாதிரி ஒரு பிறை அளவுக்கு வெள்ளி இல்லை. எழுத்து ஒன்றும் அதோடு போயிருந்தது.

"என்னங்க இது, ஓரம் வெட்டினாப்ல இருக்கு?"

"நல்ல வெள்ளி. அச்சுல வந்த குறை. காசு மேல குத்தமில்ல. சீக்கிரம் முடி, ரிக்ஷாக்காரன் நிக்கிறான் லா."

காசைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? சூலியா தெருவே அவர் சொன்னதை வாங்கிக்கொள்ளும்போது நான் யார் மறுப்பதற்கு? முடிந்தேன். முருகா, என் பிள்ளையைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். வேறு என்னவோ நீளமாகக்கூட வேண்டிக்கொள்ள நினைத்தேன், வாய் வரவில்லை.

கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தை போய்விட்டாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்று எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில், அத்தை சாமி படத்தைத் துடைக்கும்போது அந்த மஞ்சள் முடிச்சு கையில் அகப்பட்டது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வேண்டினது பலிக்கவில்லை, ஆகவே கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. வேண்டிக்கொண்ட காசு, ஆகவே செலவு செய்யவும் கூடாது. அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே அவிழ்த்தார். நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். என் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுகை நின்றுவிட்டது.

"அடியே, இது என்னடி? வெட்டுக்காசு! சாமிக்கு வெட்டுக்காசையா முடிஞ்சு வெச்சே?"

ஊனமான எதையும் சாமிக்குக் கொடுக்கக்கூடாது. விரிசல் விட்ட தேங்காய், அழுகல் வாழைப்பழம், கிழிந்த துணி, எதுவும் ஆகாது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அத்தையின் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஓரம் வெட்டின காசு. பேத்தி போய்விட்டாள். இரண்டையும் சேர்த்துக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவரை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்.

நான் ஒன்றும் ஊமையாக நிற்கவில்லை. "நானா எடுத்து வைக்கல அத்தே. இவுகதான் குடுத்தாக. நான் கேட்டேன், நல்ல காசுன்னு சொன்னாக. இந்தா நிக்கிறாகளே, கேளுங்க" என்றேன்.

அத்தை திரும்பினார். "ஏண்டா, நீயா குடுத்தே?"

எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. சொல்லிவிடுவார், அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், கைபட்ட காசு வேறு, அச்சில் வந்த குறை வேறு என்று கடையில் யார் யாருக்கோ நின்று விளக்குகிற மனிதர், பெற்ற தாய்க்கு விளக்கமாட்டாரா என்று நினைத்தேன். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். மேல் பித்தான் வரைக்கும் போட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார்.

ஞாபகம் இல்லையாம்! என்றைக்கோ ஒரு மாலுமி கொடுத்த காசில் ராஜாவின் மூக்குக்குக் கீழே ஒரு பொட்டு மேடு இருந்ததை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருந்து சொல்லுகிறவர். என் புருவத்தை ஞாபகம் வைத்திருக்கிறவர். செருப்பை மாட்டிக்கொண்டு டிராமுக்குப் போய்விட்டார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு பின்கட்டுக்குப் போனான்.

"கடல்ல கொண்டு போய்ப் போட்டுட்டு வா" என்று அத்தை காசை என் பக்கம் எறிந்தார். நான் போடவில்லை. போட்டுவிட்டால் நான் ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். அதே மஞ்சள் துணியில் சுற்றி என் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

வீட்டுச் சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வரிசை வீடுகளில் சுவர் பலகைதான். அந்த வாரமே குழாயடியில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வெட்டுக்காசுக்காரி. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு அது பழகிப்போய், "அந்த வெட்டுக்காசுக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு" என்று தபால்காரரிடம் வழி சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. நாக்கில் நரம்பில்லாத பெண்கள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்தபோது எனக்கு மட்டும் வெற்றிலை பாக்கு வரவில்லை. இன்னொரு வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனேன்; அந்தத் தாய் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள். அதன்பிறகு எனக்கு வயிற்றில் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்தது. கேட்க வேண்டுமா? சாமியை ஏமாற்றினவளுக்கு எப்படித் தங்கும் என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். அத்தை வீட்டில் விளக்கேற்றும் வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். சத்தம் போட்டு எடுக்கவில்லை. தீப்பெட்டியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

என் பிள்ளை செத்தது காசினால் அல்ல என்று எனக்குத் தெரியும். பகலில் தெரியும். படுத்து விளக்கை அணைத்துவிட்டால் தெரியாது. இதைத் தீர்க்க உலகத்தில் ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அதற்குப் பிறகுதான் நான் காசு பார்க்க ஆரம்பித்தேன். பாசாரில், எங்கள் ஊர்ச் சந்தையில், மீன் வாங்கி மிச்சக்காசு வாங்கும்போதெல்லாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே இருந்தது. தோல் உரிந்த காசு ஒன்று பார்த்தேன், மேல் தகடு வெங்காயச் சருகு மாதிரி எழும்பியிருந்தது. சுற்றிலும் இருக்க வேண்டிய பல் வரிசை இல்லாமல் ஓரம் மொழுக்கென்று இருந்த ஒன்றைப் பார்த்தேன். ஒரு காசைத் தலைகீழாய்ப் புரட்டினால் பின்பக்கம் நேராக நிற்காமல் சாய்ந்து நின்றது. மீன்காரர், "என்னாக்கா, நம்ம காசு மேல சந்தேகமா லா?" என்று கோபித்துக்கொள்வார். உங்கள் மேல் இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஒரு தீபாவளிக்குச் சோமாசு செய்துகொண்டிருந்தேன். மாவை அகலமாகத் தேய்த்துவிட்டு, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் அல்லவா? மூடி கொஞ்சம் நகர்ந்து, முன்னால் வெட்டின பள்ளத்தின் மேல் விழுந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் வட்டத்தில் ஒரு பிறை இல்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது, நான் அந்த மாவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் காசும் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும். வெள்ளித் தகட்டில் வட்டம் வெட்டினவன் எங்கேயோ சீமையில் கொஞ்சம் கையை நகர்த்திவிட்டான். அதற்கு நான் டத்தோ கிராமாட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் புகைந்து அத்தை கத்தும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, பாசாரில் ஓரம் வெட்டின இருபது காசு நாணயம் ஒன்று கிடைத்தது. தெரிந்தேதான் வாங்கினேன். அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். கொழுந்தன் உள்ளே இருந்தான். சோற்றைப் போட்டுவிட்டு அந்த இருபது காசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது கை வெட்டா, அச்சு வெட்டா?"

தொழில் அல்லவா, தன்னை அறியாமல் இடது கையால் எடுத்துவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தார்.

"கை வெட்டு. அரத்தால ராவிருக்கான், கோடு தெரியுது பாரு. அதோட இந்த வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாரு, விளிம்பு எடுப்பா நிக்குது. தகடு வெட்டும்போதே குறை வந்திருந்தா, அச்சு அமுக்கறப்ப வெட்டுப் பக்கம் முட்டுக் குடுக்க வெள்ளி இருக்காது. அதனால எதிர்ப்பக்கம் விளிம்பு எழும்பாது. மழுங்கிப் போயிருக்கும். அத வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

எவ்வளவு நன்றாகச் சொன்னார்! நான் மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவிழ்த்து, அரை வெள்ளிக் காசை இருபது காசுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அங்கே விளிம்பு மழுங்கித்தான் இருந்தது. யார் கண்ணுக்கும் தெரியும்.

"அப்ப இது?"

பாதிச் சோறு தட்டில் இருந்தது. அதிலேயே கையைக் கழுவினார். எழுந்தார்.

"ஏங்க, இது கை வெட்டா அச்சு வெட்டான்னு உங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வேற ஒண்ணுமே கேக்கல."

"போனது போச்சு. அத ஏன் போட்டுக் கிளர்றே?" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? ஒரு வார்த்தை. கடையில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சும்மா சொல்லுகிற வார்த்தை.

அவர் போன பிறகு கொழுந்தன் வெளியே வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணி, அந்தக் காச அண்ணன்தான் கடையில வாங்கிப் போட்டுச்சு. அப்புறம் யாருமே வாங்க மாட்டேன்னுட்டாங்க. நீயே வெச்சுக்கன்னு முதலாளி சம்பளத்தோட சேத்துத் தள்ளிவுட்டாரு. பாசார்லயும் போகல. கோப்பிக் கடையிலயும் போகல. அண்ணனுக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. பைக்குள்ளேயே கெடந்துச்சு."

"இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"அம்மாகிட்ட சொல்லிராதீங்க அண்ணி" என்றான்.

ஆகக்கூடி, பாசாரில் போகாதது சாமியிடம் போகும் என்று கொடுத்திருக்கிறார். சரி, கொடுத்தார். அது நல்ல காசுதான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடையிலும் பாசாரிலும் எவனும் வாங்காத காசைச் சாமிக்குக் கொடுத்தேன் என்று பெற்றவளிடம் சொல்ல முகம் இல்லை. அந்த அவமானத்தை யார் தலையிலாவது கட்ட வேண்டும். பக்கத்தில் நான் நின்றேன்.

நான் அத்தையிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். புருஷன்மேல் பழி போடுகிறாள் என்றார். வேறென்ன சொல்வார்? காசு பார்க்கிறவன் அவர் மகன். நான் வெட்டுக்காசுக்காரி.

வருஷங்கள் ஓடின. நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பானைச் சோறு சாப்பிட்டோம். ரசத்தில் உப்பு கூட என்று அவர் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். அது ஒரு மன்னிப்புக் கேட்கிற வழியாம், கொழுந்தன் ஒரு தடவை சொன்னான். அட, யாருக்கு வேண்டும் அந்த மன்னிப்பு? உப்பைப் பற்றி அவர் தினமும் திட்டியிருக்கட்டும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். சூலியா தெருவிலும் கடைகள் ஈயடித்தன. ஒரு நாள் காலையில் கடைக்குக் கிளம்பிச் சட்டையில் ஒரு கையை நுழைத்தவர், மாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். தண்ணீர் என்றார். நான் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மறு கை நுழையவே இல்லை.

குளிப்பாட்டி, திருநீறு பூசி, கூடத்தில் கிடத்தினார்கள். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாவுக்கு யாரும் பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லையே. அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து மகனின் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். எல்லாம் செய்த நாவிதர், "நெத்திக்குக் காசு குடுங்கம்மா" என்றார். செத்தவர் நெற்றியில் சந்தனத்தை வைத்து அதன்மேல் ஒரு காசை ஒட்டுவது எங்கள் வழக்கம். அது அவரோடு சுடுகாடு வரைக்கும் போகும். பிறகு அது சுடுகாட்டு ஆளுக்கு.

கொழுந்தன் பையில் கையை விட்டான். "இரு" என்றேன். எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தேன். மஞ்சள் வெளுத்து வெறும் துணியாகியிருந்தது. காசை எடுத்துவந்து நானே அவர் நெற்றிச் சந்தனத்தில் வைத்தேன். ராஜா மேலே பார்த்தபடி. வெட்டு எல்லோருக்கும் தெரியும்படி.

ஒருத்தி அடுத்தவளை முழங்கையால் இடித்ததைப் பார்த்தேன். கொழுந்தன் என் காதருகே குனிந்தான்.

"அண்ணி, இது வேணாம். வேற நல்ல காசு நான் தாரேன்."

நான் மெதுவாகப் பேசவில்லை. குழாயடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

"இதுக்கு என்ன கொறச்சல்? நல்ல வெள்ளி. அச்சுல வந்த குறை. காசு மேல குத்தமில்ல. நான் சொல்லல. இந்தா படுத்திருக்காகளே, இவுக சொன்னது. புள்ளைக்கு முடியச் சொல்லிக் குடுத்தப்ப, என் கையில வெச்சு இவுக வாயால சொன்னது."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்தார். அவன் இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு பின்கட்டுக்குப் போகவில்லை. "ஆமாம்மா. அண்ணன் குடுத்ததுதான்" என்றான்.

அத்தை மறுபடி குனிந்தார். மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னிக்கு ஏண்டி இவன் சொல்லல?" என்று கேட்டார்.

"அத அவுககிட்டத்தான் அத்தே கேக்கணும்."

சொல்லிவிட்டு நானே பயந்தேன். அடிப்பாரோ, மண்ணை வாரித் தூற்றுவாரோ என்று. அவர் ஒன்றும் செய்யவில்லை. சந்தனம் காய்ந்து காசு நழுவப் பார்த்தது. கட்டைவிரலால் அதை மகன் நெற்றியில் அழுத்தி வைத்தார். அப்புறம் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, என் பக்கமாகத் தரையில் தள்ளினார். தலைமாட்டு விளக்கு காற்றில் அணைந்திருந்தது. நான் ஏற்றினேன்.

தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினோம். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று முன்கூடத்தில் பேசிக்கொண்டது கேட்டது. பேசட்டும் என்று இருந்தேன்.

பொழுது சாயும்போது கொழுந்தன் சுடுகாட்டிலிருந்து வந்தான். குளித்துவிட்டு நேராகப் பின்கட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தக் காச அங்க உள்ள ஆளு எடுத்தான். ஓரம் வெட்டியிருக்கறதப் பாத்தான். நான் என்னமோ சொல்லப் போறான்னு நெனச்சேன். ஒரு சுண்டு சுண்டுனான். மடியில வெச்சிக்கிட்டுப் போய்ட்டான். ஒண்ணுமே கேக்கல."

"சத்தம் எப்படி இருந்துச்சு?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். யோசித்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணி. நல்ல வெள்ளிச் சத்தம்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவும் முடியாமல், மகளே மகளே என்று கத்தி அழுதேன். முன்கூடத்திலிருந்து பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷன் போன துக்கம் இப்போதுதான் உறைத்திருக்கிறது, பாவம் என்று ஒருத்தி சொன்னாள்.